புதினா என்று நாங்கள் வளர்த்த செடி

சந்தேகம் எனக்குக் கூடப்பிறந்த குணம். ஓசூருக்கு வந்த பிறகு அதற்கு மாதச் சம்பளமும் கிடைக்க ஆரம்பித்தது, அவ்வளவுதான் வித்தியாசம். வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில், வெளியிலிருந்து வந்து இறங்குகிற சாமான்களைச் சோதித்து உள்ளே விடுவது என் வேலை. வருவது போல்ட்டோ பித்தளை வளையமோ, என்னை ஏமாற்றத்தான் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டே கையில் எடுக்க வேண்டும். வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி போகாது. பாக்கெட் பாலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் காய்ச்சுவேன். மார்க்கெட்டில் கீரை விற்கிற அம்மா என்னைத் தூரத்தில் பார்த்ததுமே கட்டுகளைத் தானே பிரித்துக் காட்டிவிடுவார்.

எங்கள் வேலையில் மாஸ்டர் பீஸ் என்று ஒன்று உண்டு. இதுதான் சரியானது என்று முடிவுசெய்து பத்திரப்படுத்தி வைத்த சாம்பிள் அது. புதிதாக எது வந்தாலும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஒத்துப்போனால் உள்ளே, ஒத்துப்போகாவிட்டால் வந்த லாரியிலேயே திரும்பிப் போக வேண்டியதுதான். எல்லாவற்றையும் சந்தேகப்படுகிற நாங்கள் சந்தேகப்படாத ஒரே பொருள் அந்த மாஸ்டர் பீஸ்.

போன வருடம் ஒரு காய்ச்சல் வந்து போனது. காய்ச்சல் போனபோது என் மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. முதலில் சளி என்று நினைத்தேன். ஒரு காலையில் பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கருகே வைத்தேன், ஒன்றுமே இல்லை. யாரோ காலி டப்பாவை மாற்றி வைத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம் காப்பித்தூள், அப்புறம் ஊதுபத்தி, அப்புறம் துவைக்கப் போட்டிருந்த சட்டை என்று வீடு முழுக்க முகர்ந்து பார்த்தேன். கடைசியில் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். சாப்பாடு சூடும் உப்பும் காரமுமாக மட்டும் ஆகிவிட்டது. நான் வைத்த சாம்பாரையே நான் நம்ப முடியாமல் போனது.

என் கணவர் அன்றைக்கு என் எதிரில் தரையில் உட்கார்ந்து, ரொம்ப நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வேறொரு கம்பெனியில் முலாம் பூசுகிற பிரிவில் வேலை. வந்த நாளிலிருந்து அங்கேதான் இருக்கிறார். பேசாத மனிதர். என் கையிலிருந்த பெருங்காய டப்பாவை வாங்கி மூடி வைத்தார்.

காட்டிய டாக்டர் நேர்மையாகப் பேசினார். திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார். தினமும் காலையில் நல்ல வாசமுள்ள நான்கு பொருட்களை, கண்ணை மூடி, நிதானமாக முகர்ந்து பழக வேண்டும். வரும்போது சில வாசனைகள் கோணல்மாணலாகத் திரும்பலாம், பயப்படக் கூடாது என்றும் சொன்னார். பயப்படக் கூடாது என்று சொன்னதிலிருந்துதான் எனக்குப் பயம் பிடித்தது.

அதைவிடப் பெரிய பயம் சிலிண்டர். காஸ் கசிந்தால் எனக்குத் தெரியாது. அந்தப் பொறுப்பைக் கணவர் எடுத்துக்கொண்டார். படுக்கப் போகும்முன் அடுப்படிக்குப் போய்விட்டு வந்து, "பாத்துட்டேன், ஒண்ணுமில்ல" என்பார். சில நாள் ரப்பர் குழாயில் சோப்புத் தண்ணீர் தடவிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். மூக்கு இருக்கிற மனிதருக்குச் சோப்பு எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். கம்பெனிப் பழக்கம் என்றார். கம்பெனிப் பழக்கத்தை வீட்டுக்குக் கொண்டுவருகிறவள் நானே என்பதால் மேற்கொண்டு கேட்கவில்லை.

முகர்ந்து பழக நான்கு செடிகள் என்று முடிவானது. துளசி, கற்பூரவல்லி, கறிவேப்பிலை, புதினா. மொட்டைமாடியில் தொட்டி வைத்துக்கொள்ள வீட்டுக்கார அம்மா சம்மதித்தார், ஆனால் தளத்தில் ஈரம் இறங்கினால் தொட்டிகள் கீழே இறங்கிவிடும் என்று அப்போதே சொல்லி வைத்தார். அவர் இந்த ஊரிலேயே பல தலைமுறையாக இருக்கிற தெலுங்குக் குடும்பம். கற்பூரவல்லிக்கு நான் ஒரு பேர் சொன்னால் அவர் வாமாக்கு என்பார், கீழ்வீட்டுக் கன்னடக்காரர்கள் தொட்டபத்ரெ என்பார்கள். இலையைக் காட்டித்தான் ஒருவருக்கொருவர் புரிந்துகொள்வோம். புதினாவுக்கு மட்டும் அந்தத் தொல்லை இல்லை, மூன்று மொழியிலும் அது புதினாதான்.

பேரில் தொல்லை இல்லையே தவிர, செடி எப்படி இருக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. நாங்கள் விருதுநகர்ப் பக்கம். கண்ணுக்கு எட்டிய தூரம் சீமைக்கருவேலம்தான். எங்களுக்குப் புதினா என்றால் வாழை நாரில் கட்டி, தண்ணீர் தெளித்து, கொத்தமல்லிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிற ஒரு கட்டு. அது மண்ணில் எப்படி நிற்கும் என்று நாங்கள் யோசித்ததே இல்லை.

கணவர்தான் சூளகிரி பக்கம் ஒரு வேலையாகப் போனவர், நெடுஞ்சாலை ஓரத்து நர்சரியில் நான்கு செடியையும் வாங்கிவந்தார். நான் விடவில்லை. போனில் தேடிப் படித்து ஒவ்வொன்றாகச் சோதித்தேன். புதினாவின் தண்டு உருண்டையாக இருக்காது, விரலில் உருட்டினால் நான்கு பட்டை தெரியும் என்று போட்டிருந்தது. இலைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாக வரும், ஓரம் ரம்பம்போல இருக்கும். எல்லாம் சரியாக இருந்தது. அந்த வெயிலில் கவரிலிருந்து தொட்டிக்கு மாற்றியதும் அது வாடிச் சுருண்டது. போய்விட்டது என்று நினைத்த நேரத்தில், அதே மண்ணில் ஒரு தளிர் நிமிர்ந்து வந்தது. தண்டில் நான்கு பட்டை, ஜோடி இலை, ரம்ப ஓரம். பிழைத்துக்கொண்டது என்று சந்தோஷப்பட்டோம். கணவர் அதற்கு மட்டும் தனியாகத் தண்ணீர் ஊற்றுவார்.

காலையில் டிபனுக்கு முன்னால் மாடியில் இந்தக் கூத்து நடக்கும். நான் கண்ணை மூடி உட்காருவேன். அவர் ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி மூக்கருகே நீட்டுவார். வெகு நாட்களுக்கு எதுவும் இல்லை. நான் வாய்க்கு வந்ததைச் சொல்வேன், அவர் சரி, தப்பு என்று சொல்லிக்கொண்டே இருப்பார். மழை பிடித்த சமயத்தில் ஒரு நாள், எங்கோ ஒரு தெருத் தள்ளி யாரோ ஓமம் வறுக்கிற மாதிரி இருந்தது. கற்பூரவல்லி என்றேன். கண்ணைத் திறந்தபோது அவர் கையில் கற்பூரவல்லி இருந்தது. அன்று வேலைக்குப் போகிற வழியெல்லாம் ஹெல்மெட்டுக்குள் சிரித்துக்கொண்டே போனேன்.

துளசியும் அப்படியே வந்தது, கறிவேப்பிலையும் மெல்ல வந்தது. புதினா மட்டும்தான் கோணிக்கொண்டது. ஏதோ பச்சையாக, காரமாக, பூனை படுத்து எழுந்த கோணிச் சாக்குபோல ஒரு வாடை. இதுதான் புதினா வாசமா என்று அவரைக் கேட்டேன். அவரும் கசக்கி முகர்ந்தார்.

"நல்ல வாசந்தான். புதினா வாசம்" என்றார்.

டாக்டர் சொன்ன கோணல் இதுதான் என்று எனக்கு விளங்கிவிட்டது. வந்தும் கெட்டுப்போய் வந்திருக்கிறது. இன்றைக்குப் புதினா, நாளைக்குத் துளசியும் சோறும் நாறத் தொடங்கினால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. புதினாக்கட்டு வாங்குவதையே விட்டேன். மாடிச் செடியிலிருந்தும் சமையலுக்கு ஓர் இலை பறிக்கவில்லை. கெட்ட மூக்கு வருவதற்குப் பதிலாக வராமலே இருந்திருக்கலாம் என்றுகூட நினைத்தேன்.

நினைத்தாலும் சந்தேகம் சும்மா இருக்குமா? அவர் முகர்ந்த விதத்தை யோசித்துப் பார்த்தேன். இலையை மூக்கருகே வைத்ததும், மூச்சு உள்ளே போவதற்கு முன்பே பதில் வந்துவிட்டது. இந்த ஆள் எனக்கு ஆறுதலுக்குச் சொல்கிறார், மற்ற மூன்றிலும்கூட நான் தப்பாகச் சொன்னதைச் சரி என்றிருப்பார் என்று தோன்றியது. மறுநாளிலிருந்து அவர் சரி என்றதும் கண்ணைத் திறந்து கையைப் பார்த்தேன். அவர் பொய் சொல்லவில்லை. அதுவும் எனக்குத் திருப்தியாக இல்லை.

அந்தச் சமயத்தில் வீட்டுக்கார அம்மா மிளகாய் காயப்போட மாடிக்கு வந்தார். புடவை செடியில் உரசியது. நின்று, மூக்கைச் சுளித்தார்.

"ஏம்மா, இதையா புதினான்னு தண்ணி ஊத்திட்டிருக்கே? பக்கத்துல வந்தாலே நாறுது."

அவருக்கும் நாறுகிறது என்றால் என் மூக்கு சரி என்றுதானே அர்த்தம்? எனக்கு அப்படித் தோன்றவில்லை. தொட்டிகளை இறக்க வழி தேடுகிறார் என்றுதான் தோன்றியது. போன வாரம்தான் தளத்தில் ஈரம் என்று முணுமுணுத்திருந்தார். சாயங்காலம் அவரே வந்து, தன் வீட்டுப் பின்பக்கக் குழாயடியில் படர்ந்திருந்த புதினாவில் ஒரு கொடியை வேரோடு பிடுங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அதையும் நம்பவில்லை. மாடிக்குக் கொண்டுபோய் எங்கள் செடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எங்கள் இலை சொரசொரப்பு, இது வழவழப்பு. எங்கள் தண்டு விறைப்பு, இது தரையோடு படுத்து ஓடுகிறது. ஒத்துப்போகவில்லை, ரிஜெக்ட் என்று சுவரோரம் போட்டுவிட்டேன். முகர்ந்து பார்க்கவே இல்லை. என் மூக்கை நான் நம்புவதை அதற்குள் விட்டிருந்தேன்.

ஒரு வாரம் கழித்து நானே இலை கிள்ளப் போனபோது விரலில் சுருக்கென்றது. குனிந்து பார்த்தால் தண்டில் வரிசையாகச் சின்னச் சின்ன முள். புதினாவில் முள் உண்டா என்று போனில் தேடினேன், அப்படி எதுவும் போடவில்லை. இப்போது எனக்குத் தெம்பு வந்துவிட்டது. நர்சரிக்காரன் எதையோ தலையில் கட்டியிருக்கிறான். லாரியோடு சரக்கைத் திருப்பி அனுப்புகிறவளுக்கே இந்த வேலையா என்று கோபம். ஞாயிற்றுக்கிழமை செடியிலிருந்து ஒரு கிளை ஒடித்துப் பையில் போட்டுக்கொண்டு, கணவரை வண்டி எடுக்கச் சொன்னேன். விடு, போனால் போகிறது என்றார். அவரும் நர்சரிக்காரனும் சேர்ந்து எதையோ மறைக்கிறார்களோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். என் புத்தி அப்படி.

நர்சரிக்காரர் கிளையைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். சண்டைக்குப் போனவளுக்கு அது எப்படி இருக்கும்?

"இது உண்ணிச்செடி, அக்கா. காடெல்லாம் மண்டிக் கெடக்கே, ஆடுகூட வாய் வெக்காது. கவர் மண்ணுல வெத கெடந்திருக்கும். புதினா காஞ்சு போயி, இது மொளச்சு நின்னிருக்குது."

தான் கொடுத்தது புதினாவேதான் என்றார். பொடியாக ஆரஞ்சும் மஞ்சளுமாகப் பூக்கிற வேலிச்செடி என்றதும் எனக்குப் புரிந்தது. பூவோடு ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன், பூக்காத கன்றை யார் பார்த்தார்கள். அதற்கும் தண்டில் நான்கு பட்டை, ஜோடி இலை, ரம்ப ஓரம். மாஸ்டர் பீஸே தப்பு. அதை வைத்துத்தான் நல்ல புதினாவை நான் சுவரோரம் எறிந்தேன்.

ஆனாலும் விடாமல், அப்படியானால் உங்கள் புதினாவைக் காட்டுங்கள் என்றேன். அவர் நிழல்வலைக்கு அடியிலிருந்து ஒரு கொத்தைக் கிள்ளி, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து நீட்டினார். நான் பயந்துகொண்டேதான் முகம் குனிந்தேன்.

புதினா! கோணல் இல்லை, நாற்றம் இல்லை. பிரியாணிக் கடை வாசலில், கல்யாண வீட்டுச் சமையல்கட்டில், என் வீட்டுத் துவையல் அம்மியில் வந்த அதே வாசம். மெல்லியதாகத்தான் வந்தது, ஆனால் சரியாக வந்தது. என் மூக்கு கெட்டுப்போகவே இல்லை. நாறியதை நாறுகிறது என்றுதான் அது மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது, நான்தான் கேட்கவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதை முகர்ந்து பாருங்கள் என்று கணவரை இழுத்தேன்.

அவர் குனிந்து முகர்ந்தார். "ஆமா, நல்ல வாசம்" என்றார்.

நர்சரிக்காரர் விளையாட்டாக மற்ற கையில் உண்ணி இலையைக் கசக்கி அவரிடம் நீட்டினார். தான் ஏமாற்றவில்லை என்று காட்டத்தான். அந்த வாடை நான் நின்ற இடம்வரை அடித்தது. கணவர் அதையும் குனிந்து முகர்ந்தார். முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை.

"ரெண்டும் ஒண்ணாட்டம்தான இருக்கு" என்றார்.

நர்சரிக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் கணவரைப் பார்த்தேன். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு புதினாத் தொட்டியை வாங்கிக்கொண்டு வந்து வண்டி ஏறினோம். கொஞ்ச தூரம் வந்ததும் நானே நிறுத்தச் சொன்னேன். சாலையோரம் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினார். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. எப்போதிலிருந்து உங்களுக்கு வாசம் தெரியவில்லை என்று கேட்டேன்.

தெரியாது என்றார். ஒரு நாளில் போனது இல்லையாம், கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது. ஆசிட் தொட்டியில் நெடி அடிக்கிறது என்று புதிதாக வந்த பையன்கள் மூக்கைப் பொத்தும்போது, இவருக்குக் கண் மட்டும் எரியுமாம். அப்படித்தான் தெரிந்துகொண்டார். பல வருடம் ஆகியிருக்கும் என்றார்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. சிலிண்டர் என்று கத்தினேன். தினமும் பார்த்துவிட்டேன் என்று சொன்னீர்களே. சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தால் கசிவு குமிழியாகத் தெரியும் என்றார், எனக்கு மூக்கு போன நாளிலிருந்து ஒரு நாளும் தவறவிடவில்லையாம். சரி, ஷிப்ட் முடிந்து வீட்டுக்குள் நுழையும்போதே வாசம் தூக்குதே என்பீர்களே, அது? மேலே கொத்தமல்லி தூவியிருந்தால் ரசம், நான் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தால் வறுவல் என்று பார்த்துப் பழகிக்கொண்டாராம். இத்தனை வருடம் என் சமையலை அவர் கண்ணால் சாப்பிட்டிருக்கிறார். எல்லாரையும் சந்தேகப்பட்டேன், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட மனிதரிடம் இதைக் கண்டுபிடிக்கவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். எனக்குப் போனபோதாவது சொல்லியிருக்கலாமே, இரண்டு பேரும் சேர்ந்து டாக்டரைப் பார்த்திருக்கலாமே. அவர் ஹெல்மெட்டின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"அதுவரைக்கும் நான் அதைப் பெருசா நெனச்சதில்ல. நீ அன்னிக்கு அடுப்படியில ஒக்காந்து அழுத பாரு, அப்பத்தான் எனக்குப் போனது என்னன்னே தெரிஞ்சுது."

அவர் வண்டியை எடுத்தார். நான் தொட்டியை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். இந்த வாசத்துக்காக எத்தனை காலை கண்ணை மூடி உட்கார்ந்திருப்பேன். இப்போது அதை மூக்கருகே தூக்க எனக்கு மனம் வரவில்லை, முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டேன். ஓசூர் வரும்வரை அந்த வாசம் தானாக வந்துகொண்டே இருந்தது.